மாமி வீட்டு முற்றத்தில் கிற்றார்: ஈழத்துப் பொப் இசை பற்றிய ஒரு மதிப்பீடு

ஈழத்துத் தமிழரின் இசை வரலாற்றை எழுதியவர்கள் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் உரிய இடம் தந்திருக்கிறார்கள். நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்தன. இசை நாடகம் பற்றி நூல்கள் வந்தன. வானொலி மெல்லிசை பற்றியும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கல்யாண வீட்டிலும் பள்ளிச் சுற்றுலாவிலும் கலைவிழா மேடையிலும் ஒலித்த பொப் பாட்டு, அந்த வரலாற்றில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகிறது. பாடகர்களின் பெயர்ப் பட்டியல், இரண்டு மூன்று பாட்டுகளின் முதலடி, 'அது ஒரு காலம்' என்ற பெருமூச்சு. இதற்கு மேல் யாரும் போவதில்லை.

இந்தக் கட்டுரை மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. ஈழத்துப் பொப் எங்கிருந்து வந்தது? அது வெறும் மேலைத்தேயப் போலியா, நமக்கென்று ஏதாவது செய்ததா? செழித்து நின்ற ஒரு கலை ஏன் இவ்வளவு விரைவில் ஓய்ந்தது? மூன்றுக்கும் விடை தேடும்போது, அதே வகையில் எழுந்து அடங்கிய அமெரிக்க றொக்கபிலி இசையின் கதையும் நமக்கு உதவும்.

கீரிமலையைச் சுற்றியிருந்த செவிகள்

ஒரு புதிய இசையை மதிப்பிட, அது வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே என்ன ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கீரிமலையை நடுவில் வைத்துச் சுற்றிலும் சில மைல் தூரத்தை எடுத்துக்கொண்டாலே யாழ்ப்பாணத்தின் இசைச் செல்வம் விளங்கிவிடும்.

கீரிமலையில் நகுலேஸ்வரம். கடலோரத்து நன்னீர்க் கேணி. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வந்து கூடும் இடம். மாவிட்டபுரம் கந்தசுவாமியார் தீர்த்தமாட எழுந்தருளுவதும் அன்று இங்கேதான். திருவிழா என்றால் மேளம். அந்த மேளத்தின் உச்சம் பக்கத்து அளவெட்டியில் இருந்தது. நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதன் அளவெட்டிக்காரர். தமிழகத்து மேதைகளே வியந்து பாராட்டிய தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, இணுவிலில் பிறந்து அளவெட்டியோடு இணைந்து வாழ்ந்தவர். 1975இல் அவர் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டுகூட நிரம்பவில்லை.

கீரிமலைக்குக் கிழக்கே காங்கேசன்துறை. நடிகமணி வி.வி. வைரமுத்து, வசந்த கான சபாவை அங்கே வைத்துத்தான் நடத்தினார். மயான காண்டத்தில் அவர் அரிச்சந்திரனாகப் பாடுவதைக் கேட்க, சனம் பாயோடும் தலையணையோடும் போய் விடியும்வரை இருந்தது. ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் இருக்க, நடிகரே பாடகராக நின்ற மேடை அது.

தெற்கே தெல்லிப்பழை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தளம் அமைத்த ஊர்களில் ஒன்று. அவர்களுடைய பள்ளிகள், தேவாலயங்கள் வழியாக மேலைத்தேய இசைக்கருவியும் கூட்டாகப் பாடும் வழக்கமும் பொப் பாட்டு பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னமே இந்த மண்ணுக்கு வந்துவிட்டன.

ஆகவே கிற்றாரோடு வந்த இளைஞனின் பாட்டை இங்கே கேட்டவர்கள் இசை அறியாதவர்கள் அல்லர். கோயில் வீதியில் இராக ஆலாபனையையும், வெறும் திடலில் விருத்தத்தையும், தேவாலயத்தில் கீதத்தையும் கேட்டுப் பழகிய காதுகள் அவை. அப்படிப்பட்ட சனம் பொப் பாட்டை விரும்பிக் கேட்டது என்றால், அதில் மற்றவை தராத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

மெம்பிஸ் முதல் கொழும்பு வரை

1954 யூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் சாம் பிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்விஸ் பிறெஸ்லி தன் முதல் இசைத்தட்டுக்காகப் பாடினார். கூட இருந்தவர்கள் இருவர்: கிற்றார் வாசித்த ஸ்கொற்றி மூர், பெரிய பாஸ் வாத்தியத்தின் நரம்புகளைக் கையால் அறைந்து வாசித்த பில் பிளாக். மத்தளம்கூட இல்லை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு. மறுபக்கத்தில் வெள்ளை இன நாட்டுப்புறத்தாரின் மலைநாட்டுப் பாட்டு. இரண்டையும் ஒரே துள்ளலில் பாடியதுதான் புதுமை. பின்னர் றொக்கபிலி என்று பெயர் பெற்ற இசை அது.

எல்விஸ் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அந்த இசையின் உண்மையான உடல், பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான சின்னக் குழுக்கள். ஆர்கன்சோ மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த சொனி பேர்ஜஸ் ஓர் உதாரணம். பேஸர்ஸ் என்ற தன் குழுவோடு 1956இல் அதே மெம்பிஸ் கூடத்தில் பாடினார். கிற்றாரோடு ஊதுகுழலும் சேர்ந்த முரட்டு வேகம் அவருடையது. ஊரில் கொண்டாடினார்கள், நாடு கவனிக்கவில்லை. 1950கள் முடியும்போது றொக்கபிலியின் முதல் அலையும் ஓய்ந்தது.

இந்த ஒலிகள் இலங்கைக்கு வந்த வழி வானொலி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஒலிபரப்புச் சாதனங்கள் போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தன. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. இந்திய வானொலி திரைப்பாட்டுகளை ஒதுக்கிவைத்த 1952 முதலான ஆண்டுகளில் இந்தியாவே கொழும்பைத்தான் கேட்டது. ஆங்கில சேவையில் மேலைத்தேயப் பாட்டுகளின் வரிசை நிகழ்ச்சி, தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனனின் குரல், நடுவே சிங்களப் பாட்டு. வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்பினால் மூன்று மொழி, மூன்று உலகம். ஈழத்துப் பொப் பாடகர்கள் வளர்ந்தது இந்தக் குமிழுக்குப் பக்கத்தில்.

ஆனால் ஈழத்துப் பொப்பின் தாயை மெம்பிஸில் தேடுவது தவறு. அதைவிடக் கிட்டிய உறவு பைலா. போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்து, மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரிடமும் புத்தளத்துக் காப்பிரிகளிடமும் தங்கிய ஆட்ட இசையின் வாரிசு அது. அந்த ஆறெட்டுத் தாளத்தில் பாடகர் வொலி பஸ்தியன் சிங்களச் சொல்லைப் பூட்டி நாடு முழுக்கப் பாடவைத்தார். அடுத்தது மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்சோ. 1956இல் பாடகர் ஹரி பெலபொன்ரேயின் இசைத்தட்டு உலகெங்கும் போனபின் இலங்கையிலும் கிற்றாரும் கொங்கோ மத்தளமும் வைத்த குழுக்கள் முளைத்தன. 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவோடு சிங்களத்தில் புதிய இளைஞர் பாட்டைத் தொடக்கிவைத்தார்கள். தமிழ்ப் பொப் அதை ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தது. ஒரே வானொலி, ஒரே கொழும்பு மேடை, ஒரே தாளம், இரண்டு மொழி.

நித்தி கனகரத்தினம்

ஈழத்துப் பொப்பின் முன்னோடி என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் நித்தி கனகரத்தினம். உரும்பிராய்க்காரர். அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த நாள்களில், விடுதித் தோழர்கள் சூழ இருந்து கிற்றாரோடு பாடத் தொடங்கியவர். பாட்டை அவரே எழுதினார், அவரே மெட்டமைத்தார், அவரே பாடினார். தமிழில் பாடலாசிரியர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பின்னணிப் பாடகர் ஒருவர் என்று வேலை பிரிந்துபோயிருந்த காலத்தில் இது பெரிய மாற்றம். மேலைத்தேயத்தில் கிற்றார் இளைஞர்கள் செய்ததும் இதுதான். பாட்டுக்குச் சினிமாக் கதை வேண்டாம், நாயகன் வேண்டாம், பெரிய வாத்தியக் குழுவும் வேண்டாம் என்று ஆனது.

அவருடைய 'சின்ன மாமியே' தமிழ் பேசும் நாடுகள் எல்லாவற்றுக்கும் போன பாட்டு. அது ஏன் அவ்வளவு தூரம் போனது என்பதைச் சற்று நின்று பார்ப்போம். பாட்டின் அமைப்பு ஒரு கேள்வியும் மறுமொழியும். மருமகன் முறையான இளைஞன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான். மாமி மறுமொழி சொல்கிறாள். முறைப்பெண்ணைக் கேட்கும் உரிமை, அந்த உரிமைக்குள் இருக்கும் சீண்டல், படிக்கப் போகும் பெண்ணைப் பற்றிய ஊரின் கவலை எல்லாம் இரண்டு பேர் பேசும் பேச்சுக்குள் அடங்கிவிடுகின்றன. காதலைச் சொல்ல நிலவையும் தென்றலையும் துணைக்கழைத்த பாட்டுகளுக்கு நடுவே, மாமி வீட்டு முற்றத்தில் நின்று பேசும் பாட்டு இது. கூத்திலும் இசை நாடகத்திலும் தர்க்கப் பாட்டு என்று நாம் அறிந்த வடிவத்தின் தூரத்து உறவும்கூட. வாத்தியம் மேலைத்தேயத்தது, தாளம் தீவு முழுவதுக்கும் பொதுவானது, உள்ளே நடக்கும் பேச்சு யாழ்ப்பாணத்தது.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இன்னொரு வகை. குடியால் வீடு அழிவதை வடபுலத்தில் அறியாதவர் இல்லை. அதைப் பற்றிக் கோயில் பிரசங்கத்திலும் கூட்டங்களிலும் எவ்வளவோ பேசியாகிவிட்டது. அதையே துள்ளல் மெட்டில், குடிக்கப் போகிறவனை இறைஞ்சித் தடுக்கும் குரலில் பாடியபோது, குடிக்கிறவர்களும் சேர்ந்து கைதட்டிப் பாடினார்கள். புத்திமதியைக் கேளிக்கைக்குள் வைத்துக் கொடுக்கும் வித்தை அது. 

மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈழத்துப் பொப் முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதப்பட்டது என்று சிலர் சொல்வதுண்டு. கேட்டுப் பார்த்தால் அப்படி இல்லை. ஏட்டு வினைமுற்றும் வீட்டு விளிப்பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. 1960களின் தொடக்கத்தில் சிறுகதையில் பேச்சுவழக்கு வரலாமா என்று ஈழத்தில் மரபுப் போராட்டமே நடந்தது. அந்த விவாதம் முடிந்த கையோடு வந்த பொப் பாடகர்கள் எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டையும் கலந்து பாடினார்கள். பாடவேண்டிய பொருளை வீட்டிலிருந்து எடுத்ததால் மொழி தானாக அருகில் வந்தது. இதுதான் இந்த இசையின் முதன்மைச் சாதனை என்பது என் முடிபு: ஊர் வாழ்க்கையைச் சென்னையின் துணையில்லாமல் நவீன பாட்டாக்கியது.

நித்தி கனகரத்தினம் பின்னர் நாட்டைவிட்டு ஆபிரிக்காவுக்கும், அங்கிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் போனார். மெல்பேணில் கல்விப் பணியில் இருந்தார். இசையைத் தொழிலாக அவர் கொள்ளவில்லை. கொள்வதற்கான வழியும் நாட்டில் இருக்கவில்லை. இன்றைக்குத் தமிழகத்தில் 'சின்ன மாமியே' கேட்கும் பலர் அதை இன்னொருவரின் பாட்டு என்றே நம்புகிறார்கள்.

சிலோன் மனோகர்

அந்த இன்னொருவர் ஏ.ஈ. மனோகரன். நித்தி பாட்டை ஆக்கியவர் என்றால் மனோகரன் மேடையை ஆக்கியவர். நீண்ட முடி, தாடி, ஆட்டம், கணீர் என்ற குரல், சபையைத் தன்னோடு பாடவைக்கும் திறமை. இரசிகர்கள் அவரைப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று அழைத்தார்கள். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டு 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். பின்னர் சென்னைக்குப் போய்த் தமிழ், மலையாளப் படங்களில் வில்லன் வேடங்கள் ஏற்றார். அங்கே அவர் பெயர் சிலோன் மனோகர்.

அவரோடு ஒட்டிக்கொண்ட பாட்டு 'சுராங்கனி'. சிங்களமும் தமிழும் கலந்து, மீன் கொண்டுவந்த சேதி சொல்லும் எளிய பாட்டு. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா அதைத் தன் வகையில் எடுத்தாண்டார். மலேசியா வாசுதேவன் பாடினார். பாக்கு நீரிணையைப் பாட்டு எப்போதும் வடக்கிலிருந்து தெற்கே கடக்கும். இது எதிர்த்திசையில் கடந்தது. இலங்கைத் தெருவின் மெட்டு ஒன்று தமிழகத் திரைக்குள் போனது சிறிய சம்பவம் அல்ல. ஆனாலும் மனோகரனைத் தமிழகம் பெரும்பாலும் வில்லன் நடிகராகவே நினைவில் வைத்தது. 2018 சனவரியில் சென்னையில் அவர் காலமானார்.

திருகோணமலையும் வானொலியும்

வேறு கிளைகளும் உண்டு. திருகோணமலையில் எம்.பி. பரமேஷ், எம்.பி. கோணேஷ் சகோதரர்கள் சொந்தமாகக் குழு அமைத்தார்கள். பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' இசைத்தட்டாக வெளிவந்தது. ஈழத்துத் தமிழ் இசைத்தட்டுகளின் முன்னோடியாக அது பேசப்படுகிறது. துள்ளலைவிட ஏக்கம் மிகுந்த பாட்டு அவருடையது. அமுதன் அண்ணாமலை, இமானுவேல், எஸ். இராமச்சந்திரன் ஆகியோரும் இந்தக் காலத்து மேடைகளில் அறியப்பட்டவர்கள்.

பொப்புக்குப் பக்கத்திலேயே மெல்லிசையும் வளர்ந்தது. இலங்கை வானொலியில் எஸ்.கே. பரராஜசிங்கம் முன்னின்று, ஈழத்துக் கவிஞர்களின் வரிகளுக்கு ஈழத்து இசையமைப்பாளர்களைக் கொண்டு மெட்டமைத்துப் பாடவைத்தார். ஆர். முத்துசாமி, ரொக்சாமி போன்றவர்களின் இசை அதற்குத் துணைநின்றது. மெல்லிசைக்குக் கல்வியாளரின் ஆதரவும் வானொலியின் நேரமும் கிடைத்தன. பொப் இசைக்குச் சனத்தின் ஆதரவு மட்டுமே இருந்தது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்: எமக்கென்று ஒரு பாட்டு. மெல்லிசை அதைக் கவிதையில் தேடியது. பொப் முற்றத்தில் தேடியது.

கோஷ்டிகள்

பாடகர் பெயர் நிற்கிறது. அவருக்குப் பின்னால் நின்று வாசித்தவரின் பெயர் நிற்பதில்லை. எந்த நாட்டிலும் இதுதான் நிலை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பொப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவை இசைக் கோஷ்டிகள்தான். கண்ணன் கோஷ்டி போன்றவை கோயில் திருவிழாவிலும் கலைவிழாவிலும் இரவிரவாக வாசித்தன. கிற்றார், அக்கோடியன், பொங்கஸ், டிரம்ஸ் இவற்றோடு தபேலாவும் மிருதங்கமும் ஒரே மேடையில் இருந்தன. முதலில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு, நள்ளிரவு தாண்டியதும் பொப். ஒரே கலைஞர் மூன்றுக்கும் வாசித்தார். கோயில் உள்வீதியில் மேளம் முடிய, வெளிவீதி மேடையில் கிற்றார் தொடங்கும். அளவெட்டி மேளத்தைக் கேட்ட அதே சனம்தான் இதையும் கேட்டது.

இந்த இரட்டைப் பயிற்சி வீண்போகவில்லை. பின்னாளில் ஈழத்தில் போர்க்காலத்தில் பாடப்பட்ட எழுச்சிப் பாட்டுகளின் இசையை உற்றுக் கேட்டால் இந்தக் கோஷ்டிகளின் கைவண்ணம் தெரியும். இசைவாணர் கண்ணனும் பாடகர் எஸ்.ஜி. சாந்தனும் அந்தப் பாட்டுகளால் பெயர் பெற்றவர்கள். இருவரும் மேடைக் கோஷ்டி மரபிலிருந்து வந்தவர்கள்.

இறக்குமதித் தடையும் ஒரு பொற்காலமும்

பொப் இசையின் எழுச்சியை இளைஞர் உற்சாகத்தால் மட்டும் விளக்க முடியாது. பொருளாதாரமும் உண்டு. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் முன்போல் தாராளமாக வரவில்லை. சனத்துக்குப் பாணுக்கும் துணிக்கும் கஷ்டகாலம். உள்ளூர்க் கலைக்கோ அது வாய்ப்பான காலம். வடபுலத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்கள் கையில் காசு புழங்கியது. விழாக்கள் பெருகின. 'குத்துவிளக்கு' 1972இலும், வானொலி நாடகத்திலிருந்து பிறந்த 'கோமாளிகள்' 1976இலும் திரைக்கு வந்தன. உள்ளூர் நாடகம், உள்ளூர் நாவல், உள்ளூர்ப் படம் இவற்றோடு உள்ளூர்ப் பாட்டும் உயர்ந்தது.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கசற் றெக்கோடர்கள் வீடுதோறும் வந்தன. அவற்றோடு சென்னைப் பாட்டுகளும் வெள்ளமாக வந்தன. நல்ல ஒலிப்பதிவுக் கூடமோ முதலீடோ இல்லாத உள்ளூர்ப் பாடகர், இளையராஜாவின் முழு வாத்தியக் குழுவோடு போட்டியிட வேண்டியதாயிற்று. பாதுகாப்பு விலகியபோது நிமிர்ந்து நிற்க, அந்தக் குறுகிய ஏழாண்டுகளில் எந்த நிறுவனமும் கட்டப்படவில்லை. பொப் இசையின் முதல் தளர்ச்சி இங்கேதான், துவக்கு வருமுன்பே.

எதிர்ப்புகளை எடைபோடல்

பொப் பாட்டின் மீது அன்றும் இன்றும் மூன்று குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, அது இரவல் மெட்டு. இதில் பாதி உண்மை. பைலாத் தாளமும் கலிப்சோ மெட்டும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் ஆர்மோனியமும் வயலினும்கூட வெளியிலிருந்து வந்தவைதான். பார்சி நாடகக்காரர் கொண்டுவந்த மெட்டுகள் இல்லாமல் நம் இசை நாடகம் இல்லை. இரவல் வாங்கியதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி.

இரண்டாவது, ஆழமில்லை என்பது. பொப் பாட்டு தத்துவம் பேச வரவில்லை. மூன்று நிமிடத்தில் ஒரு வீட்டையும் அதில் இருப்பவர்களையும் காட்டி, கேட்பவனைச் சிரிக்கவும் ஆடவும் வைப்பது அதன் வேலை. அந்த வேலையைச் செம்மையாகச் செய்த பாட்டுகள் அரை நூற்றாண்டாக நிற்கின்றன. அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு கனமானது. பல பொப் பாட்டுகளில் பெண் கேலிக்குரியவளாக வருகிறாள்: படிக்கப் போனவள், நாகரிகம் பழகியவள், மாப்பிள்ளை தேடுகிறவள். பாடியவர்கள் அனேகமாக ஆண்கள். பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பாட்டு அரிது. இதை மறைத்து எழுதும் வரலாறு நேர்மையான வரலாறு ஆகாது. பெண்கள் உயர்கல்விக்கும் உத்தியோகத்துக்கும் போகத் தொடங்கிய ஒரு தலைமுறையில் ஆண்களுக்கு இருந்த பதற்றத்தை அந்தப் பாட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. சமூகவியல் ஆய்வாளருக்கு அவை அரிய ஆவணம். கலையாக அவற்றின் குறையும் அதுவேதான்.

தேய்வு

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 யூலைக் கலவரத்தில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பு மேடை தமிழ்ப் பாடகருக்கு இல்லாமல் போயிற்று. சிங்களமும் தமிழும் கலந்து பாடிய பாட்டைச் சேர்ந்து கேட்கச் சபை இல்லை. பாடகர்களும் வாசித்தவர்களும் கேட்டவர்களும் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியவர்களில் பலர், தொடர்ந்து வந்த போர்க்காலத்தின் எழுச்சிப் பாட்டுக்குப் போனார்கள்.

கீரிமலைக்கு நேர்ந்தது இந்தக் கதையின் மிகக் கடுமையான பகுதி. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது கீரிமலை, காங்கேசன்துறை, மாவிட்டபுரம், மயிலிட்டி என்று வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. நகுலேஸ்வரம் அந்த ஆண்டே குண்டுவீச்சுக்கு இலக்கானது. ஊர்கள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் சனம் துண்டு துண்டாகத் திரும்ப முடிந்தது. உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் இசைத்தட்டையோ கசற்றையோ விழா நோட்டீசையோ எடுத்துக்கொண்டு போகவில்லை. வைரமுத்துவின் மேடையும் கோஷ்டிகளின் மேடையும் இருந்த ஊர்களில், அவற்றைப் பற்றிய ஆதாரங்கள் வீட்டோடும் கூரையோடும் போயின.

எனவே ஈழத்துப் பொப் சுவை குறைந்து தானாக மடிந்தது என்ற கூற்றை ஏற்க முடியாது. சந்தை திறந்தபோது அது தளர்ந்தது. போர் அதன் சபையைக் கலைத்தது. கலைஞரிடத்தில் சரக்கு தீர்ந்துபோனதற்குச் சான்று எதுவும் இல்லை.

றொக்கபிலி தரும் பாடம்

இந்த இடத்தில் மீண்டும் ஆர்கன்சோவுக்குப் போக வேண்டும். சொனி பேர்ஜஸின் குழு கலைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், ஐரோப்பாவில் சிலர் அந்தப் பழைய இசைத்தட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள். பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் இருந்த இரசிகர்கள், பாடகர்களின் ஊர்களுக்கே போய் அவர்களைக் கண்டுபிடித்தார்கள். 1975இல் ஜேர்மனியில் தொடங்கிய 'பெயர் பமிலி' (Bear Family) போன்ற சிறு நிறுவனங்கள், மறந்துபோன பாடகர்களின் ஒலிப்பதிவுகளைச் சேர்த்து மறுபதிப்புச் செய்தன. எந்த நாள், எந்தக் கூடம், கிற்றார் யார், மத்தளம் யார் என்ற விபரங்களோடு கையேடும் வைத்தன. ஒரேயொரு இசைத்தட்டு போட்ட பாடகருக்கும் அந்த மரியாதை கிடைத்தது. பேர்ஜஸ் பழைய தோழர்களோடு மறுபடி மேடையேறி, 2017இல் இறக்கும்வரை வாசித்தார்.

அவரை மீட்டது அரசாங்கமோ பல்கலைக்கழகமோ அல்ல. அந்த இசையின்மேல் ஆசைவைத்த சாதாரண மனிதர்கள். நம்மிடத்தில் அந்த ஆசை குறைவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் நடக்கும் கல்யாணங்களில் 'சின்ன மாமியே' தொடங்கினால் மூன்று தலைமுறையும் எழுந்து ஆடுகிறது. இல்லாதது பதிவு. ஈழத்துப் பொப் இசைத்தட்டுகளின் ஒழுங்கான அட்டவணை ஒன்று நமக்கு வேண்டும். எது எந்த ஆண்டு வந்தது, யார் எழுதியது, யார் வாசித்தது என்ற விபரம் ஒரே இடத்தில் திரட்டப்பட வேண்டும். கோஷ்டிகளில் வாசித்தவர்களின் வாய்மொழி வரலாறு பதியப்பட வேண்டும். அவர்களில் பலர் முதுமையில் இருக்கிறார்கள். இது இன்னொரு பத்தாண்டு காத்திருக்கக்கூடிய வேலை அல்ல.

செய்யக்கூடிய வழிகளும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம ஆவணக் காப்பகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை மாணவர்கள் ஆளுக்கொரு கோஷ்டியை ஆய்வுக்கு எடுத்தால், சில ஆண்டுகளில் ஒரு முழு வரலாறு உருவாகிவிடும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் களஞ்சியத்தில் இருக்கும் தமிழ்ப் பதிவுகள் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட வேண்டும். பாட்டு எங்கே போனாலும் அதை ஆக்கியவரின் பெயரும் கூடவே போக வேண்டும். இது சட்டக் கடமை மட்டும் அல்ல, நன்றிக் கடமையும்.

உங்கள் வீட்டில் ஒரு பழைய இசைத்தட்டோ, கோஷ்டியோடு எடுத்த படமோ, கலைவிழா நோட்டீசோ, கசற்றோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அது எந்த விழா, எந்த ஆண்டு, படத்தில் நிற்பவர் யார் என்று பின்புறத்தில் எழுதுங்கள். எழுதியபின் அதை ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் ஒரு காலத்தில் கிற்றாரோ அக்கோடியனோ வாசித்த ஐயா ஒருவர் இருந்தால், இந்த மாதமே அவரிடம் போய் அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.